பதினாறு மணி நேரந்தானாம்!

வா கண்ணு, உக்காரு. திண்ணையில உக்காந்தா பேண்ட்டு அழுக்காகும்னா அந்தப் பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டுக்கோ. அமெரிக்கா போற ஆளு, சேர்ல உக்காந்து இப்பவே பழகிக்கறது நல்லதுதான்.

உங்கம்மா நேத்துல இருந்து தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியறா. "பெங்களூர்ல ஏறுனா நேரா சான் பிரான்சிஸ்கோதான். 14,000 கிலோமீட்டராம், 16 மணி நேரந்தானாம்." கிலோமீட்டரும் மணி நேரமும் செல்லு சொன்னது. அந்த "தான்" மட்டும் நீ சேத்துனது. அதை நம்பி அவளும் வாசல்ல நின்னு விரல் விட்டு எண்ணிட்டிருக்கறா.

இந்த அப்பிச்சி ஏரோப்ளேன் ஏறுனவன் இல்ல. ஆனா நேஷனல் பர்மிட் லாரியில ஸ்டேரிங் புடிச்சவன். சங்ககிரியில லோடு ஏத்தி கவுகாத்தி வரைக்கும் போனவனுக்கு ஒரு வெவரம் தெரியும். லோடு போடறவன் எத்தனை கிலோமீட்டர்னு கேப்பான், ஓனரு எத்தனை லிட்டர்னு கேப்பாரு, உங்க அம்மாயி எத்தனை நாளுன்னு கேப்பா. மூணு பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னவன் அந்தத் தொழில்ல நெலைச்சதே இல்ல.

மொதல்ல அந்த 14,000-ஐ எடுத்துக்கோ. எங்க இருந்து எங்க வரைக்கும்? பெங்களூர்னு சொல்றயே, ஏரோப்ளேன் நிக்கறது தேவனஹள்ளியில. நம்ம பக்கமிருந்து போறவன் ஓசூர் தாண்டி, சில்க் போர்டுல சிக்கி, அந்த ஊரை இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் முழுசா அளந்துட்டுத்தான் அவத்தைக்குப் போய்ச் சேரோணும். அந்தாண்டயும் அதே கதைதான். சான் பிரான்சிஸ்கோ ஏர்போர்ட்டு அந்த ஊருக்குத் தெக்க ஒரு 20 கிலோமீட்டர் தள்ளி இருக்குது. உன்ற கம்பெனி சன்னிவேல்ல. எறங்குனதும் இன்னும் தெக்கால போவே. ஆக, சான் பிரான்சிஸ்கோ போறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, அந்த ஊரை எட்டிக்கூடப் பாக்காம போற மவராசன் நீ.

சேரி, போகுது. அந்த 14,000 எப்படி வந்துச்சுன்னாவது தெரியுமா? செவுத்துல மாட்டற மேப்புல ஸ்கேல் வெச்சு அளந்துராத. தட்டையான மேப்பு பொய் சொல்லும். உன்ற தங்கச்சி பள்ளிக்கோடத்துல உலக உருண்டை இருக்குது. ஒரு நூலை பெங்களூர்ல ஒரு விரலால அழுத்திக்கிட்டு இன்னொரு முனையை சான் பிரான்சிஸ்கோவுல வெச்சு விறைப்பா இழு. நூலு கெழக்கயும் போகாது, மேக்கயும் போகாது. விறுவிறுன்னு வடக்கால ஏறும். நேபாளம், திபெத்து, சைபீரியான்னு போயி, ரஷ்யாவோட வடகோடிப் பனிக்கரை வரைக்கும் தொட்டுட்டு, அலாஸ்கா வழியா எறங்கும். அந்த நூலோட நீளந்தான் உன்ற செல்லு சொன்ன 14,000. உலகத்தைச் சுத்துனா 40,000. அப்ப எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவால 20,000-க்கு மேல தூரமே இருக்க முடியாது. நீ போறது அதுல முக்கால்வாசிக்குக் கொஞ்சம் கம்மி. பூமாதேவிகிட்ட அதுக்கு மேல எடமும் இல்ல, பாத்துக்கோ.

ஆனா நூலு போற வழியில ஏரோப்ளேன் போகாது. ஏன்னு கேளு. திபெத்து மேட்டுநெலமே 4,500 மீட்டர் ஒசரம். மேல பறக்கறப்ப உள்ள காத்தழுத்தம் கொறைஞ்சுட்டா, பைலட் உடனே 3,000 மீட்டருக்கு எறக்கோணும், ஆளுங்க மூச்சு விடறதுக்கு. கீழ தரையே அதைவிட ஒசரத்துல இருந்தா எங்கத்த எறக்கறது? அதனால அந்த மேட்டுக்கு மேல முடிஞ்ச வரைக்கும் போகறதில்ல, சுத்திக்கிட்டுப் போயிருவாங்க. தொப்பூர் எறக்கத்துல லோடு வண்டியை எறக்குனவனுக்கு அந்தப் பைலட்டோட பயம் புரியும். உனக்கு எங்க புரியப்போகுது, நீ ஜன்னல் சீட்டுக்கு எச்சாப் பணம் கட்டுனவன்.

இன்னொரு வேடிக்கை கேளு. மண்ணுக்குப் பட்டா இருக்கற மாதிரி மானத்துக்கும் பட்டா இருக்குது. 2019-ல பாகிஸ்தான்காரன் அவன் மானத்தை மூடுனான், அஞ்சு மாசத்துக்குக் கிட்டத்தட்ட. டெல்லியில இருந்து மேக்க போற வண்டியெல்லாம் தெக்கால எறங்கி அரபிக்கடல் பக்கமா சுத்திப் போச்சு. 2025 ஏப்ரல்ல நம்ம வண்டிகளுக்கு மறுபடி மூடுனான். 2022-ல ரஷ்யாவும் ஐரோப்பாக்காரங்களும் அமெரிக்காவும் ஒருத்தர் மானத்துல இன்னொருத்தர் வரப்படாதுன்னு கதவைச் சாத்திக்கிட்டாங்க. பின்லாந்துல ஹெல்சிங்கின்னு ஒரு ஊரு. அங்க இருந்து டோக்கியோவுக்கு ஒம்பதரை மணி நேரத்துல போயிட்டிருந்தாங்க. இப்ப 13 மணி நேரம். ஹெல்சிங்கி நகரல, டோக்கியோவும் நகரல, கண்ணு. தூரத்தை நீட்டுனது சண்டை.

இப்பக் காத்துக்கு வருவோம். இதுதான் நெம்ப முக்கியம், அந்தச் செல்லைக் கீழ வை.

மேல 10 கிலோமீட்டர் ஒசரத்துல மேக்க இருந்து கெழக்க ஒரு காத்து ஓடுது. ஜெட் ஸ்ட்ரீம்ங்கறாங்க. குளிர்காலத்துல மணிக்கு 200, 300 கிலோமீட்டர் வேகத்துல கூட அடிக்கும். முதுகுல அடிச்சா வண்டி பறக்கும், மூஞ்சியில அடிச்சா திணறும். 2020 பிப்ரவரியில ஒரு புயல் சமயத்துல நியூயார்க்ல ஏறுனவங்க அஞ்சு மணி நேரம் முடியறதுக்குள்ள லண்டன்ல எறங்கிட்டாங்க. சாதாரணமா ஆறரை, ஏழு மணி நேரம் ஆகற தூரம் அது. அன்னிக்கு லண்டன்ல இருந்து எதுத்தாப்புல போனவன் எத்தனை மணிக்குப் போய்ச் சேந்தான்னு எந்தப் பேப்பர்க்காரனும் பெருசாப் போடல. முந்தி வந்தவனுக்குத்தான் போட்டோ.

டெல்லியில இருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஏர் இந்தியா மொதல்ல மேக்கால, அட்லாண்டிக் கடல் வழியாப் போயிட்டிருந்துச்சு. 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபர்ல அதைத் திருப்பி, கெழக்கால பசிபிக் வழியா விட்டாங்க. இது 15,300 கிலோமீட்டர். எத்தனை எச்சு? 1,400! ஊர்ல நீ இருந்திருந்தா "எவனோ மேஸ்திரிக்குக் கணக்குத் தெரியல"ன்னு சிரிச்சிருப்பே. ஆனா பதினாலரை மணி நேரத்துல போய் எறங்கிருச்சு. பழைய வழியைவிட ரெண்டு மணி நேரத்துக்குக் கிட்ட கம்மி. தூரம் எச்சு, நேரம் கம்மி. காத்து முதுகுல அடிச்சது, அவ்வளவுதான். உங்க இஞ்சினியரிங் காலேஜ்ல தூரத்தை வேகத்தால வகுத்தா நேரம் வரும்னு சொல்லிக் குடுத்தாங்களே, அந்த வாத்தியாரு காத்து வாங்கப் போனதே இல்லையாட்டம் இருக்குது.

சிங்கப்பூர் வழியாப் போற உன்ற சினேகிதன்கிட்டக் கேட்டுப் பாரு. சிங்கப்பூர்ல இருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் போறப்ப பதினஞ்சரை மணி நேரம் மாதிரி ஆகும். திரும்பி வர்றப்ப 17 மணி நேரம், அதுக்கு மேலயும் ஆகும். அதே ரெண்டு ஊரு, அதே வண்டி, அதே சீட்டு. ஆக எத்தனை மணி நேரம்னு எவனாவது கேட்டா, "போகவா, வரவா?"ன்னு திருப்பிக் கேளு. "எந்த மாசம்?"னும் கேளு. கேட்டவன் உன்னை விவரமான ஆளுன்னு நெனைச்சுக்குவான். நம்ம குடும்பத்துல ஒருத்தனுக்காவது அந்தப் பேரு வரட்டும்.

கம்பெனிக்காரன் டிக்கெட்டுல போடற மணியும் கொஞ்சம் பஞ்சு வெச்சுத் தெச்சதுதான். கேட்டை விட்டு நகர்ற நேரத்துல இருந்து, அந்தாண்ட கேட்டுல போய் நிக்கற நேரம் வரைக்கும் கணக்குப் போட்டு, மேல ஒரு பத்திருபது நிமிசம் சேத்து எழுதுவான். அப்பறம் முன்னாடியே வந்துட்டோம்னு மைக்கில சொல்லுவான். நீங்களும் கை தட்டுவீங்க.

அடுத்தது கடியாரம். இதுல நீ ஏமாறப்போறதைப் பாக்க எனக்கு ஆசையா இருக்குது.

மார்கழி மாசத்துல ஒரு திங்கக்கெழமை மத்தியானம் 2 மணிக்கு பெங்களூர்ல ஏர்றேன்னு வெச்சுக்கோ. 16 மணி நேரம் பறக்கறே. எறங்கி அந்த ஊர்க் கடியாரத்தைப் பாத்தா அதே திங்கக்கெழமை, சாயங்காலம் நாலரை மணி! ரெண்டரை மணி நேரந்தான் ஆகியிருக்குது. இங்க சங்ககிரியில ஏறுனவன் அந்த நேரத்துல ஓசூர் கூடத் தொட்டிருக்க மாட்டான். அந்த ஊரு நமக்குப் பதிமூணரை மணி நேரம் பின்னால ஓடுது. அதனால வர்ற மாயம். கோடையில பன்னண்டரை மணி நேரந்தான், ஏன்னா மார்ச்சுல கடியாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வெச்சு, நவம்பர்ல பழையபடி திருப்பிக்குவாங்க. கடியாரத்துக்கே வருசத்துக்கு ரெண்டு வாட்டி சர்வீஸ் பண்ற ஊரு அது.

மிச்சம் புடிச்ச நேரத்தையெல்லாம் உனக்கே விட்டுருவாங்கன்னு நெனைச்சுக்காத. திரும்பி வர்றப்ப வட்டியோட புடிச்சுக்குவாங்க. 2021 ஜனவரியில சான் பிரான்சிஸ்கோவுல இருந்து பெங்களூருக்கு மொத மொத நேரா ஒரு விமானம் வந்துச்சு. ஓட்டுனது அத்தனையும் பொம்பளப் புள்ளைங்க. கேப்டன் ஸோயா அகர்வால். வடதுருவத்துக்கு மேல ஓட்டியாந்தாங்க. அங்க கெளம்புனது 9-ஆம் தேதி சனிக்கெழமை ராத்திரி எட்டரை மணிக்கு. இங்க எறங்குனது 11-ஆம் தேதி திங்கக்கெழமை விடியறதுக்கு முந்தி. பறந்தது 17 மணி நேரந்தான். நடுவால ஞாயித்துக்கெழமை எங்க போச்சு? வானத்துலயே கரைஞ்சு போச்சு. ஒரு லீவு நாளை அப்படியே முழுங்கிருச்சு அந்தப் பயணம். நீ அங்க போறப்பச் சேத்துன நேரத்தையெல்லாம் ஒரு ஞாயித்துக்கெழமைக் கறிக்கொழம்புல கழிச்சுக்குவாங்க, எழுதி வெச்சுக்கோ.

கடியாரத்தைத் திருப்பறது விரல் வேலை. உடம்பைத் திருப்பறது அப்படி இல்ல. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் மாதிரிதான் அது வழிக்கு வருமாம். அப்ப உனக்குப் பத்துப் பன்னண்டு நாளு ஆகும். அது வரைக்கும் ராத்திரி ரெண்டு மணிக்கு இட்லி கேக்கும் வயிறு, மத்தியான மீட்டிங்கில தூங்கும் கண்ணு. போன மொத வாரத்துல பெரிய முடிவு எதுவும் எடுத்துராத. வீடு வாடகைக்குப் புடிக்கறதும் அதுல சேத்தி.

"16 மணி நேரம் உக்காந்தா முதுகு போயிரும் அம்மாயி"ன்னு நேத்து உங்கம்மாயிகிட்ட அழுதயாமே. ஒரு கதை சொல்றேன். ரெண்டாம் உலகச் சண்டையில, 1943-ல இருந்து 1945 வரைக்கும், ஆஸ்திரேலியாவுல பெர்த் ஊருக்கும் இலங்கையில காலிக்குப் பக்கத்துல இருக்கற கொக்கல ஏரிக்கும் தண்ணியில எறங்கற கேட்டலினா விமானம் ஓட்டுனாங்க. 5,600 கிலோமீட்டர் சுமாரு. ஜப்பான்காரன் கேட்டுருவான்னு ரேடியோவை வாயடைச்சு, நட்சத்திரத்தைப் பாத்து வழி புடிச்சாங்க. 27 மணி நேரத்துல இருந்து 32 மணி நேரம் வரைக்கும் ஒரே மூச்சாப் பறக்கோணும். எண்ணெயே அத்தனை கனம், அதனால ஏத்துனது மூணே மூணு பேரு. போற வழியில ரெண்டு வாட்டி சூரியன் உதிக்கறதைப் பாத்ததுனால அவங்களுக்கு "ரெட்டைச் சூரியோதயம்"னு ஒரு சர்டிபிகேட்டும் குடுத்தாங்க. அந்த 5,600 கிலோமீட்டரை நீ இப்ப ஒரு தூக்கத்துல தாண்டீருவே, அதுக்கு முதுகு வலியாம். சிட்னியில இருந்து லண்டனுக்கு நேராப் பறக்க அதே ஆஸ்திரேலியாக்காரங்க இப்பத் திட்டம் போட்டிருக்கறாங்க, 20 மணி நேரத்துக்கு மேல. அதுக்கு வெச்ச பேரும் சூரியோதயந்தான்.

இன்னிக்கு ஓடறதுல நீளமானது சிங்கப்பூர்ல இருந்து நியூயார்க். 15,300 கிலோமீட்டர், 19 மணி நேரத்துக்குக் கிட்ட. 161 சீட்டு, அதுல எக்கனாமி ஒன்னுகூட இல்ல. அத்தனை நேரம் உக்காரோணும்னா காலை நீட்ட எடம் குடுக்கோணும்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்குது. உன்ற கம்பெனிக்குத்தான் அது தெரியல. உனக்கு எந்த சீட்டுன்னு பாத்தேன், நடு வரிசையில நடு சீட்டு. ஜன்னலுக்குப் பணம் கட்டியும் கெடைக்கலயா? சேரி, அழுகாத.

உள்ள காத்து எப்படி இருக்கும்னா, நம்ம ஏற்காட்டைவிட ஒசரமான எடத்துக் காத்து. 6,000 அடியில இருந்து 8,000 அடி மலையில உக்காந்திருக்கற மாதிரிதான் வெச்சிருப்பாங்க. ஈரமே இருக்காது. அதனால தண்ணியை வாங்கி வாங்கிக் குடி, மணிக்கொருக்கா எந்திரிச்சு நட, காலு வீங்காது. சும்மா குடுக்கறானேன்னு சாராயத்தை வாங்கி ஊத்திக்காத. பக்கத்துல உக்காந்தவன் ஒன்னும் நம்ம ஒறம்பரை இல்ல, உன்னைத் தூக்கிட்டுப் போக.

நடுவழியில நிக்காதுன்னும் எழுதிக் குடுக்க முடியாது. 2023 ஜூன்ல டெல்லியில இருந்து சான் பிரான்சிஸ்கோ போன ஒரு விமானத்துல இஞ்சின் கோளாறு. ரஷ்யாவோட கெழக்குக் கோடியில மகதான்னு ஒரு ஊர்ல எறக்கிட்டாங்க. 200 பேருக்கு மேல. பாசை தெரியாத ஊரு. மாத்து விமானம் வந்து கூட்டிட்டுப் போறதுக்குள்ள ஒரு நாளுக்கு மேல ஆயிருச்சு. எல்லாரும் பத்திரமாப் போய்ச் சேந்தாங்க. மகதான்ங்கற பேரை அதுக்கு முந்தி கேட்டவங்க அந்த வண்டியில எத்தனை பேரு இருந்திருப்பாங்க? அதனால ஒரு சட்டை, மாத்திரை, செல்லு சார்ஜர் மூணையும் கைப்பையில வை. பெட்டிக்குள்ள போட்டுட்டு அப்பறம் அப்பிச்சி சொன்னாருன்னு நெனைக்காத.

இப்பக் கணக்கைப் போடு. இங்க இருந்து தேவனஹள்ளிக்கு அஞ்சாறு மணி நேரம். அங்க மூணு மணி நேரம் முன்னாடியே போய் நிக்கோணும். பறக்கறது 16. எறங்குனதும் இமிகிரேஷன் வரிசை, அப்பறம் பெட்டிக்குக் காத்திருக்கறது. உங்கம்மாயி குடுக்கற கருவேப்பிலையை எடுத்துட்டுப் போகாத, அங்க எலுமிச்சை, ஆரஞ்சு மரத்துக்கு அதுல இருந்து பூச்சி வரும்னு தடை போட்டிருக்கறாங்க. புடுங்கிக் குப்பையில போட்டுட்டு உன்னை ஒரு மணி நேரம் நிக்க வெப்பாங்க. பெறகு சன்னிவேலுக்கு ஒரு மணி நேரம் காரு. கூட்டிப் பாத்தயா? ஏறக்கொறைய 28, 30. இதுல எங்கடா "16 மணி நேரந்தான்"?

உன்ற செல்லுல ஒரு வெரலால பாத்த நம்பரு பைலட்டுக்கு உதவும், டீசல் ஊத்தறவனுக்கு உதவும். உங்கம்மாவுக்கு உதவாது. அவ 16-ஆம் மணியில இருந்து போனைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. 17, 18 ஆச்சுன்னா கோயிலுக்கு வேண்டிக்குவா. 20 ஆச்சுன்னா எனக்கு போன் பண்ணி என்ற தூக்கத்தைக் கெடுப்பா. அதனால கெளம்பறதுக்கு முந்தி உள்ள போயி, சமையக்கட்டுச் செவுத்துல மாட்டியிருக்கற கடியாரத்தைக் காட்டி, "அம்மா, நாளைக்கு இந்த முள்ளு இந்த எடத்துக்கு வர்றப்ப என்ற போன் வரும்"னு சொல்லு. அதுலயும் ரெண்டு மணி நேரம் எச்சாவே சொல்லிப் போடு. முன்னாடியே பண்ணுனா எவளும் மகனைத் திட்ட மாட்டா.